அம்மாவுக்கு முளைத்த இரண்டு விரல்கள்

கல்லூரியில் அவளை 'ரப்பர்' என்றுதான் கூப்பிட்டார்கள். வரைவதைவிட அழிப்பதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று முதலாண்டில் யாரோ வைத்த பெயர். அவள் உட்கார்ந்து எழுந்த மேசையில் கறுப்புத் துகள் சிந்திக் கிடக்கும். கணினியில் வரையத் தொடங்கிய பிறகு துகள் போனது, பெயர் போகவில்லை.

வரைகலைப் படிப்பின் கடைசி ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு பொருளை எடுத்து ஆராய்ந்து, அதிலிருந்து ஒரு சுவரொட்டி செய்து, தேர்வுக் குழுவின் முன் வைக்க வேண்டும். படங்கள் வாய் திறக்காமல் எப்படி வாதாடுகின்றன, பார்க்கிறவன் மனதை எப்படி வளைக்கின்றன என்பதுதான் அந்த ஆண்டின் பொதுத் தலைப்பு. ஒருவன் கழுகை எடுத்துக்கொண்டான். இன்னொருத்தி நெருப்பு. ரப்பர் கையை எடுத்தாள்.

அதன் பிறகு நான்கு மாதம் அவள் கண்ணில் வேறெதுவும் படவில்லை. மின்சாரப் பெட்டியில் 'தொடாதே' என்று நிற்கிற கை. சோப்பு உறையில் நுரைக்குள் சொகுசாகக் கிடக்கிற கை. வங்கி வாசலில் ஒன்றையொன்று குலுக்கிக்கொள்கிற இரண்டு கைகள். ஆசி வழங்குகிற கை, நன்கொடைப் பெட்டியின் மேல் ஏந்தி நிற்கிற கை, சாட்சி சொல்ல உயர்கிற கை. விரித்த உள்ளங்கை ஓரிடத்தில் 'நில்' என்கிறது, ஓரிடத்தில் 'வாழ்க' என்கிறது, இன்னோர் இடத்தில் அதையே ஒருவன் முகத்துக்கு நேரே நீட்டினால் அடிதடியில் முடிகிறது. கை ஒன்றுதான். யாருடைய சுவரில் ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பேச்சு மாறுகிறது. இதை அவள் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாள். தன் வீட்டுக்கே இது நடக்கும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

பேருந்து நிறுத்தத்தின் எதிரே கைரேகை பார்க்கிறவர் ஒரு பலகை வைத்திருந்தார். பலகை நிறைய ஓர் உள்ளங்கை; ஆயுள் ரேகை, செல்வ ரேகை, புத்தி ரேகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அதைப் படமெடுத்தபோது ரப்பருக்குச் சிரிப்பு வந்தது. அவள் அம்மாவின் உள்ளங்கையில் கோடுகளே கிடையாது. சலவை நிலையத்தில் பதினாறு வருடம் பட்ட வெளுப்புக் காரம் எல்லா ரேகையையும் தின்றுவிட்டது. அந்த மனிதர் அம்மாவின் கையைப் பார்த்தால், இப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை என்றுதான் சொல்லியாக வேண்டும்.

இருநூற்றுப் பன்னிரண்டு கைகள் சேர்ந்தன. எல்லாவற்றையும் அச்சிட்டு வகுப்புச் சுவரில் பரப்பினாள். பரப்பிய பிறகுதான் ஒன்று புலப்பட்டது. அவற்றில் ஒரு கைகூட வேலை செய்த கை இல்லை. தழும்பில்லை, காய்ப்பில்லை, நகத்தில் அழுக்கில்லை. எல்லாவற்றுக்கும் ஐந்து விரல். ஊரெல்லாம் கை, உழைக்கிறவனின் கை மட்டும் எந்தச் சுவரிலும் இல்லை.

வழிகாட்டி ஆசிரியர் வந்து சுவரின் முன் நின்றார். எதைச் செய்தாலும் முதலில் கட்டம் போட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும் என்பவர் என்பதால் மாணவர்கள் அவருக்கு 'கட்டம் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பல வருடம் விளம்பர நிறுவனத்தில் இருந்தவர். கல்லூரி நேரம் போக வெளி நிறுவனங்களுக்கும் வேலை செய்து கொடுப்பார்.

"இருநூத்திப் பன்னண்டு கை. இதுல ஒண்ணாவது உன் கையா?" என்றார்.

"புரியல சார்."

"ஊரான் சுவத்துல இருக்கற கையையெல்லாம் சேத்துட்டே. உன் வீட்டுல கை இல்லையா? அதைக் கொண்டா. இல்லன்னா இது ஆய்வு இல்ல, ஆல்பம்."

வகுப்பு சிரித்தது. எல்லோரும் போன பிறகு, அச்சு அறையில் ரப்பர் அவரிடம் தன் அம்மாவின் கையைப் பற்றிச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எங்கம்மாவும் அடுத்தவங்க துணியத் துவைச்சுத்தாம்மா என்னை ஆளாக்கினாங்க" என்றார்.

ரப்பர் அழுதுவிட்டாள். மூன்று வருடத்தில் அந்தக் கட்டடத்தில் தன் வீட்டைப் புரிந்துகொண்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்தாள்.

அம்மா வேலை செய்தது ஒரு பெரிய சலவை நிலையத்தில். ஆறு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் அங்கே வரும். வெளுத்து, பிழிந்து, ஆள் உயரச் சூட்டு உருளைக்குள் செலுத்தினால் மறுபக்கம் சுருக்கமில்லாமல் வெளியே வரும். உருளையின் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். விரிப்பு கொஞ்சம் சுருண்டு கம்பியில் பட்டாலும் நின்றுவிடும். இதனால் வேலை தாமதமாகிறது என்று மேலாளர் அந்தக் கம்பியை நைலான் கயிற்றால் தூக்கிக் கட்டச் சொன்னார். கட்டிய ஏழாவது மாதம், ஒரு மத்தியான நேரம், ஈர விரிப்பின் முனை அம்மாவின் வலது கையைச் சுற்றி இழுத்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் போயின.

மூன்றாம் நாள் மேலாளர் மருத்துவமனைக்குப் பழங்களோடு வந்தார். பழப்பைக்குள் விபத்துப் பதிவேடும் இருந்தது. வலி மருந்தின் மயக்கத்தில் அம்மா இடது கையால் கோணலாக ஒரு கையெழுத்துப் போட்டாள். வேலைக்குத் திரும்பிய பிறகுதான் அதன் நகலைப் படித்தாள். 'காரணம்' என்ற கட்டத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது.

கயிறு கட்டச் சொன்னவருக்கு மேலாளர் என்று பெயர். விரல் போனவளுக்குக் கவனக்குறைவு என்று பெயர். அக்கம்பக்கத்தார் போதாக்குறைக்கு விதி என்று ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். விதிக்கு நைலான் கயிற்றில் முடிச்சுப் போடத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா கேட்டாள். தொழிலாளர் ஆய்வாளருக்கு மனு எழுதினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சொல்லை அடிக்க வேண்டும். அந்தச் சொல் போனால் கயிறு கண்ணில் படும். கயிறு கண்ணில் பட்டால் இன்னொருத்தியின் கை தப்பும். ஆய்வாளர் அடுத்த ஆய்வுக்கு வரும்போது பார்ப்பதாகப் பதில் வந்தது.

வெளியே போகும்போது வலது கையில் ஒரு நீலத் துண்டைச் சுற்றிக்கொள்வாள். பேருந்தில், கடையில், வேலையிடத்தில் எங்கும் அவிழ்க்க மாட்டாள். வீட்டு வாசற்படி ஏறியதும் முதல் வேலையாகத் துண்டை எடுத்துக் கதவுக்குப் பின்னால் இருக்கிற ஆணியில் மாட்டுவாள். அந்த வீட்டின் நான்கு சுவருக்குள் மட்டும்தான் அந்தக் கை வெறுங்கையாக உலவியது.

ரப்பர் கேட்டபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என் கையையா? ஏன், ஊர்ல வேற கை கிடைக்கலியா?"

"அதெல்லாம் சும்மா கைம்மா. ஒண்ணுகூட வேலை செஞ்ச கை இல்ல."

"என் கையை வரையேன்" என்றார் அப்பா. அவர் பன்னிரண்டு மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் இயக்குபவர். "ஒரே விரல்தான் வேலை செய்யும். சீக்கிரம் முடிச்சிரலாம்."

"உங்க விரலை வரைஞ்சா கீழ்த்தளத்துல ஆரம்பிச்சுக் கீழ்த்தளத்துலயே முடியும்" என்றாள் அம்மா.

"நியாயந்தான். நாள் முழுக்க மேல மேல போறேன், சாயங்காலம் பாத்தா அதே இடத்துல நிக்கறேன்."

மூவரும் சிரித்தார்கள். பிறகு அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"வரைஞ்சுக்கோ. ஆனா அழகா வரையாதே. பாவமாவும் வரையாதே. உள்ளது உள்ளபடி இருக்கணும். அதைப் பாத்து எவளும் உச்சுக் கொட்டக் கூடாது."

"சத்தியமாம்மா. எங்க போனாலும் இது இப்படியேதான் போகும்."

"சத்தியமெல்லாம் எனக்கு வேணாம். எழுதிக் கையெழுத்து போடு. நான் படிக்காம கையெழுத்து போட்டுப் பட்டது போதும். நீ படிச்சுட்டே போடு."

ரப்பர் வரைபடத் தாளின் பின்புறத்தில் எழுதினாள்: 'இந்தக் கை எங்கே போனாலும் இப்படியே போகும்.' கீழே கையெழுத்து.

பதினோரு மாலை வேளைகள் ஆயின. அம்மா மேசையில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு வானொலி கேட்பாள். ஆள்காட்டி விரலின் நடுக் கணுவில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு இருந்தது. வேலையில் சேர்ந்த முதல் வாரம் நீராவிக் குழாய் தந்தது. அந்தத் தழும்புக்கு மட்டும் ரப்பர் ஒரு மாலை முழுக்க எடுத்துக்கொண்டாள். அழித்து, அழித்து, மறுபடி வரைந்து.

"அந்த ரெண்டு விரலைச் சீக்கிரம் முடிச்சிட்டே போல" என்று அம்மா கேலி செய்தாள். "எனக்கும் அப்படித்தான். நகம் வெட்டற வேலை மிச்சம்."

பென்சில் வரைபடத்தைக் கணினியில் ஏற்றி, வண்ணம் தீட்டிச் சுவரொட்டியாக்கினாள். அதில் அந்தக் கை மட்டும்தான் இருந்தது. உள்ளங்கை நேரே பார்க்கிறவனை நோக்கி, 'நில்' என்பதுபோல. மூன்று விரல், இரண்டு குறை. கீழே ஒரே ஒரு வரி: 'இந்தக் கை கவனமாகத்தான் இருந்தது.'

அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள். "உச்சுக் கொட்டத் தோணல" என்றாள். அவள் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அது. ஆய்வாளர் வருகிற புதன்கிழமை அதைச் சலவை நிலைய வாசலில் மாட்டுவது என்று அம்மாவும் உடன் வேலை செய்கிற நாற்பது பேரும் முடிவு செய்தார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. கணினியில் ஒரு படத்தை வரையும்போது ஒவ்வொரு பகுதியும் தனித்தனி அடுக்கில் இருக்கும். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல. ஒரு தாளை உருவலாம், புதிதாக ஒன்றைச் செருகலாம். வேலை முடிந்ததும் எல்லா அடுக்கையும் ஒன்றாக அழுத்தி ஒரே படமாக்கித்தான் வெளியே கொடுப்பார்கள். அடுக்கு பிரிந்த கோப்பை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது முதலாண்டின் முதல் பாடம். அந்தப் பாடத்தை நடத்தியவர் கட்டம் சார்தான். "அடுக்கோட குடுக்கறவன் வீட்டுச் சாவியைக் குடுக்கறான்" என்று மேசையைத் தட்டிச் சொல்வார்.

மாதிரி அச்சைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "தோல் நிறம் மங்குதேம்மா. அடுக்கோட எனக்கு அனுப்பிடு. நான் சரி பண்ணித் தரேன்."

ரப்பர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வேறு யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள். அனுப்பியதோடு 'ரொம்ப நன்றி சார்' என்றும் எழுதினாள்.

ஆய்வாளர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை காலை, சலவை நிலைய வாசலில் ஆளுயரச் சுவரொட்டி ஒன்று தொங்கியது. காலை முறை வேலைக்கு வந்த பெண்கள் அதன் முன் கூடி நின்றார்கள். அம்மா பேருந்தை விட்டு இறங்கி வந்தபோது, மடிப்புப் பிரிவில் வேலை செய்கிற பெண் ஓடி வந்து கையைப் பிடித்தாள். வாய்த்துடுக்குக்காரி.

"அக்கா! விரல் முளைச்சிருச்சேக்கா! எந்தக் கடையில எண்ணெய் வாங்கினே?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய உள்ளங்கை. ரேகையில்லாத, காரம் தின்ற அதே உள்ளங்கை. அதே 'நில்'. ஐந்து விரல்கள். கீழே: 'கவனமாக இருந்தால் கை முழுதாக இருக்கும்.' அதன் கீழே சலவை நிலையத்தின் பெயர். வலது மூலையில், சின்ன எழுத்தில், 'வடிவமைப்பு' என்று போட்டு, அவள் மகளின் முழுப் பெயர்.

சுற்றி நின்றவர்களும் அந்தப் பெயரைப் படித்திருந்தார்கள். ஒருத்தி வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: "படிச்ச பொண்ணு. நாளைக்கு வேலை வேணுமில்ல."

அம்மா இன்னும் பக்கத்தில் போனாள். கையில் சுற்றிய துண்டுக்கு மேலாகவே ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். ஆள்காட்டி விரலின் நடுக் கணுவில் பிறைத் தழும்பு. மோதிர விரலின் நடுக் கணுவிலும் பிறைத் தழும்பு. சுண்டு விரலிலும் அதே பிறை, கொஞ்சம் சின்னதாக. யாரோ அவசரத்தில் ஆள்காட்டி விரலை இரண்டு முறை நகலெடுத்து, இல்லாத இடத்தில் ஒட்டியிருந்தார்கள்.

தொழிலாளர்கள் தங்கள் சுவரொட்டியை மாட்டவில்லை. மாட்டி என்ன பயன்? ஐந்து விரல் கையும் மூன்று விரல் கையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால், எதை வெட்டினார்கள், எதை ஒட்டினார்கள் என்று வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? நிலையத்தின் முத்திரையோடு பளபளப்பான தாளில் முதலில் தொங்கியது முழுக் கை. பின்னால் வருகிற உண்மைதான் போலியாகத் தெரியும். அம்மாவே தங்கள் சுவரொட்டியைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு வைத்தாள்.

புதன்கிழமை காலை கம்பியின் கயிறு அவிழ்க்கப்பட்டது. அம்மாவைப் பின்பக்கக் கிடங்கில் எண்ணிக்கை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆய்வாளர் வந்தார், வாசலில் சுவரொட்டியைப் பார்த்துத் தலையாட்டினார், உருளையைப் பார்த்தார், தேநீர் குடித்தார். வியாழக்கிழமை காலை கயிறு திரும்பக் கட்டப்பட்டது. அறிவிப்புப் பலகையில் அவருடைய குறிப்பின் நகல்: 'தொழிலாளர் விழிப்புணர்வுக்கு நிர்வாகம் உரிய ஏற்பாடு செய்துள்ளது. முந்தைய பதிவில் மாற்றம் தேவையில்லை.'

இதற்கெல்லாம் முன், சுவரொட்டி தொங்கிய அந்தத் திங்கட்கிழமை மாலை அம்மா வீட்டுக்கு வந்தபோது ரப்பருக்கு எதுவும் தெரியாது. அம்மா படியேறினாள், செருப்பைக் கழற்றினாள். துண்டை அவிழ்க்கவில்லை. ஆணி காலியாக இருந்தது.

"என்னம்மா, கை வலிக்குதா?"

"இல்லை."

"அப்புறம் ஏன் துண்டு?"

அம்மா கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். மடிப்புக்காரி எடுத்துக் கொடுத்த படம். ரப்பர் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள். மூன்று தழும்பும் கண்ணில் பட்டன.

"அம்மா, இது நான் இல்லம்மா. இந்த விரலை நான் ஒட்டலைம்மா."

"தெரியும். நீ ஒட்டியிருந்தா மூணு விரலுக்கும் ஒரே தழும்பு போட மாட்டே. ஒரு தழும்புக்கு ஒரு நாள் உக்காந்தவ நீ."

"அப்புறம் என்னம்மா?"

"விரலை நீ ஒட்டல. கையை நீதான குடுத்தே?"

அப்பா வாயைத் திறந்தார். ஏதோ வேடிக்கையாகச் சொல்லி நிலைமையைச் சரிசெய்யலாம் என்று நினைத்திருக்க வேண்டும். துண்டு சுற்றிய கையைப் பார்த்துவிட்டு, எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.

மறுநாள் ரப்பர் கட்டம் சாரின் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நின்று வரவேற்றார்.

"பாத்தியா? நானே சொல்லலாம்னு இருந்தேன். முதல் வேலை! படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடியே உன் பேரு அச்சுல வந்துருச்சு. எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

"அது எங்கம்மா வேலை செய்யற இடம் சார்."

"தெரியும்மா. அவங்க ரொம்ப நாளா பாதுகாப்புக்கு ஒரு சுவரொட்டி கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வேற யாருடையதையாவது குடுக்கறதுக்கு உன்னுடையதையே குடுத்தா அம்மாவுக்கும் பெருமையா இருக்குமேன்னு பாத்தேன்."

"எங்கம்மாவுக்கு மூணு விரல் சார்."

"சுவரொட்டிக்கு அஞ்சு வேணும்மா" என்றார் அவர். குரலில் கோபமில்லை, கூச்சமும் இல்லை. முதலாண்டு மாணவிக்கு விளிம்பு அளவு சொல்வதுபோலச் சொன்னார்.

"சார், உங்கம்மாவும் துணி துவைச்சாங்கன்னு சொன்னீங்களே."

"ஆமா" என்றார். "அதுக்கும் இதுக்கும் என்ன?"

அச்சு அறையில் ரப்பர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கழுகை எடுத்துக்கொண்ட வகுப்புத் தோழன் நிமிர்ந்தான். அவன் அப்பா கொத்தனார்.

"துணி துவைச்சாங்களா? என்கிட்ட, 'எங்கப்பாவும் கொத்தனார்தான்டா, சாந்துச் சட்டி தூக்கி என்னைப் படிக்க வச்சாரு'ன்னு சொன்னாரு."

நெருப்பை எடுத்துக்கொண்டவள் கையைத் தூக்கினாள். "என்கிட்ட அவங்கப்பா கப்பல் சமையக்காரர்னாரு. எங்க மாமா கப்பல்ல இருக்காருன்னு நான் சொன்ன மறுநாள்."

"ஒரே அப்பா எத்தனை வேலைடா பாத்திருக்காரு!" என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது. ரப்பரும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. படம் மனதை எப்படி வளைக்கிறது என்று நான்கு மாதம் ஆராய்ந்தவள் அவள். ஒரு மனிதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை அவள் படமாகப் பார்க்கவே இல்லை.

தேர்வு நாளன்று அம்மாவை வரச் சொல்லிக் கேட்டாள்.

"வந்து?"

"நீ அந்தச் சுவரொட்டி பக்கத்துல நின்னா போதும்மா. வேற எதுவும் வேணாம். எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

"ஒரு தடவை என் கையை உன்கிட்டக் குடுத்தேன்" என்றாள் அம்மா. "போதும்டி."

ரப்பர் தனியாகப் போனாள். தன் சுவரொட்டியை அவள் மாட்டவில்லை. சலவை நிலையத்தின் சுவரொட்டிப் பிரதி ஒன்றை அச்சு அறையிலிருந்து எடுத்து வந்து மாட்டினாள். மூன்று தழும்புகளையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டாள். மூலையில் இருந்த தன் பெயரைப் பழைய பழக்கத்தில் ரப்பரால் தேய்த்தாள். தாள் நைந்தது. அச்சு மை அழியவில்லை.

குழுவில் மூன்று நாற்காலிகள். நடு நாற்காலியில் கட்டம் சார். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஓர் அம்மையார். வட்டங்களைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது என்ன?"

ரப்பர் சொன்னாள். உருளை, கயிறு, பதிவேட்டில் இருக்கிற சொல், அடுக்கோடு அனுப்பிய கோப்பு, ஒட்டிய விரல்கள். அந்த இரண்டு விரல்களை யார் ஒட்டியது என்பதையும் சொன்னாள். நடு நாற்காலியைக் கை நீட்டிக் காட்டினாள்.

கட்டம் சார் மெதுவாகக் கைதட்டினார்.

"அற்புதம்" என்றார். "ஒரே கை. இந்தச் சுவத்துல ஒண்ணு சொல்லுது, அந்தச் சுவத்துல அதுக்கு நேர்மாறாச் சொல்லுது. இதைவிட நல்ல செய்முறை விளக்கம் வேணுமா? இதை அவளே கண்டுபிடிக்கணும்னுதான் நான் அந்த அளவுக்குப் போனேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்."

தேர்வாளர் அம்மையார் வியப்போடு அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குறித்துக்கொண்டார். ரப்பர் பேச வாயெடுத்தாள். அடுத்த மாணவனின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவளுக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வந்தது. முடிவுத் தாளில் அவள் பெயருக்குக் கீழே 'வழிகாட்டி' என்று போட்டு அவர் பெயர்.

அந்தத் தாளை அவள் வீட்டில் காட்டவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அந்த வாரம் அம்மா தானாகவே ஒரு காரியம் செய்திருந்தாள். ஒரு நாள் வேலை முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று, எல்லோரும் பார்க்க, அந்தச் சுவரொட்டியை இறக்கினாள். காவலாளி தடுக்க வந்தார். "என் கை. நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள். அவர் துண்டு சுற்றிய கையைப் பார்த்தார், சுவரொட்டியைப் பார்த்தார், ஒதுங்கிக்கொண்டார். மடிப்புக்காரி அதை வாங்கி, படுக்கை விரிப்பை மடிப்பதுபோல நாலாக மடித்து, மூலைக்கு மூலை நீவிக் கொடுத்தாள்.

"இஸ்திரி போடணுமாக்கா?"

"அந்த உருளையிலயா? வேணாம்மா."

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மா தொழிலாளர் ஆய்வாளரின் அலுவலகத்துக்குக் கிளம்பினாள். பையில் மடித்த சுவரொட்டி, பதிவேட்டின் நகல். ரப்பரிடம் பென்சில் வரைபடத்தைக் கேட்டாள். பின்புறத்தில் வாக்குறுதி எழுதிய அதே தாள்.

"நானும் வரேன்மா. விரல் ஒட்டினது எப்படின்னு நான் சொன்னாத்தான் அவருக்குப் புரியும்."

"எழுதிக் குடு. அது போதும்."

ரப்பர் எழுதினாள்: 'படம் நான் வரைந்தது. கோப்பை நான் கொடுத்தேன். இரண்டு விரல்கள் நான் வரைந்தவை அல்ல.' தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அம்மா அதை இரண்டு முறை படித்தாள். இரண்டாவது வரியில் கொஞ்சம் நின்று படித்தாள். பிறகு பையில் வைத்துக்கொண்டாள். ரப்பர் பின்னாலேயே வந்தாள். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. பேருந்தில் இருவரும் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

ஆய்வாளரின் அறைக் கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி பதித்திருந்தது.

"நீ இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

ரப்பர் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அம்மா உட்காரவில்லை. சுவரொட்டியை மேசைமேல் விரித்தாள். மூன்று இடங்களில் தொட்டுக் காட்டினாள். ஆய்வாளர் எதையோ சொல்லி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அப்போது அம்மா நீலத் துண்டின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். சுற்று சுற்றாகப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வெறுங்கையை, ஐந்து விரல் கையின் பக்கத்தில், மேசைமேல் விரித்து வைத்தாள். ஒன்றரை வருடத்தில் வீட்டுக்கு வெளியே யாரும் பார்க்காத கை, முன்பின் தெரியாத ஒரு அதிகாரியின் மேசையில் கிடந்தது.

ஆய்வாளர் சாய்வை விட்டு முன்னால் குனிந்தார். சுவரொட்டியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், திரும்பச் சுவரொட்டியைப் பார்த்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். வெகுநேரம் எழுதினார். எழுதிய தாளை அம்மா பக்கம் திருப்பி வைத்தார். அம்மா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஓரிடத்தில் நிறுத்தி எதையோ சொன்னாள்; அவர் அதை அடித்துவிட்டு மேலே வேறெதையோ எழுதினார். பிறகுதான் அம்மா இடது கையால் பேனாவை வாங்கினாள்.

அம்மா வெளியே வந்ததும் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ரப்பர் நினைத்தாள்.

அம்மா மேசையை விட்டுத் திரும்பினாள். கதவை நோக்கி நான்கு எட்டு வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளின் முகம் தெரிந்தது. நின்றாள். தோளிலிருந்த துண்டை எடுத்தாள். அவசரப்படாமல், சுற்று சுற்றாக, மணிக்கட்டு வரை சுற்றி, முனையைப் பல்லால் இழுத்து இறுக்கி முடிந்தாள். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தாள்.

"என்னம்மா சொன்னாரு?"

"எழுதிக்கிட்டாரு. திங்கக்கிழமை சொல்லாம வந்து உருளையைப் பாக்கறாராம்."

"அந்த வார்த்தை?"

"மறுவிசாரணைன்னு போட்டிருக்காரு. படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்து போட்டேன்."

"படம் எங்கம்மா? நான் வரைஞ்சது?"

அம்மா பையைத் தட்டிக் காட்டினாள். "என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். அதற்குள் நிறுத்தத்துக்கு வந்திருந்தார்கள்; பேருந்து வந்துகொண்டிருந்தது. ஏறுவதற்கு வாகாகப் பையை, மகள் நின்ற பக்கம், துண்டு சுற்றிய கைக்கு மாற்றிக்கொண்டாள்.